ஈரக்காற்று ஊரில் ஸ்டக்கோ பழுது: பூசுவதற்கு முன் சுவரைத் திறந்து பார்த்த குழு

ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். அந்த அரை எங்கே போனது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இவர்களை ஏன் கூப்பிட வேண்டி வந்தது, வந்து என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஸ்டக்கோ, அதாவது வெளிச்சுவரில் பூசும் சிமெண்ட் பூச்சு வேலைக்கு நான் ஆள் தேடிய நாட்களில் படித்த மதிப்புரைகள் எல்லாமே "நல்ல வேலை, நேரத்துக்கு வந்தார்கள், சுத்தமாகப் பெருக்கிவிட்டுப் போனார்கள்" என்ற அளவில் முடிந்துவிட்டன. பூசி முடித்த வாரத்தில் எந்த ஸ்டக்கோவும் அழகாகத்தான் இருக்கும், ஒழுங்காகச் செய்தார்களா என்பது இரண்டு மழைக்காலம் போனால்தான் தெரியும். அதனால்தான் வேலை முடிந்து ஒன்றரை வருடம் பொறுத்து இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு மரச்சட்டக வீடு. சட்டத்தின் மேல் பலகை, பலகையின் மேல் ஈரம் தடுக்கும் தாள், தாளின் மேல் கம்பி வலை, வலையின் மேல் மூன்று பூச்சாக ஸ்டக்கோ. வருடத்தில் பாதி நாள் துவைத்த துணி காயாத ஊர். மாடி ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடியது, அதற்கடியில் தேநீர் கொட்டியது போல் ஒரு பழுப்புக் கறை. ஒவ்வொரு மழைக்கும் கறை இரண்டு விரல் அகலம் கீழே இறங்கும்.

இவர்களுக்கு முன்னால் வேறொரு நிறுவனத்தை வைத்து ஒருமுறை சரிசெய்தோம். ஒரே நாளில் முடித்தார்கள். விரிசலில் சீலண்டை (ஓட்டை அடைக்கும் பசை) அடைத்தார்கள், ரப்பர் மாதிரி இழுபடும் கெட்டியான நீர்த்தடுப்புப் பெயிண்டைச் சுவர் முழுக்க இரண்டு கை அடித்தார்கள், சுவரின் அடியில் இருந்த ஒரு நீளமான இடைவெளியையும் சீலண்ட் வைத்து மூடிவிட்டுப் போனார்கள். பார்க்கப் புதுவீடு மாதிரி இருந்தது. அடுத்த மழைக்காலம் பாதி போவதற்குள் பெயிண்ட் உள்ளங்கை அளவுக்குக் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியது. ஒன்றைக் குத்தினேன், உள்ளேயிருந்து தண்ணீர் வழிந்தது. வீட்டுக்குள் அந்தச் சுவரை ஒட்டிய அலமாரியைத் திறந்தால் பழைய கோணி வாசனை. அப்போதுதான் இது பெயிண்ட் விஷயம் கிடையாது என்று எனக்கு உறைத்தது.

சரி, இந்தக் குழுவுக்கு வருகிறேன். நான்கு பேர். மேஸ்திரிக்கு முப்பது வருடப் பூச்சு வேலை அனுபவம். போனில் விவரம் சொன்னதும் "நல்ல மழை பெய்து ரெண்டு நாள் ஆனதும் கூப்பிடுங்கள், அப்போ வந்தால்தான் சுவர் பேசும்" என்றார். மற்றவர்கள் எல்லாரும் புகைப்படம் அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்தே தொகை சொன்னவர்கள். இவர் புகைப்படத்தை வாங்கவே இல்லை.

வந்த அன்று மூன்று மணி நேரத்துக்கு மேல் சுவரைப் பார்த்தார். முதலில் பூச்சுக் கரணையின் பிடியால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். பிடிப்பு இருக்கும் இடத்தில் 'டக்' என்று இறுக்கமான சத்தம், பிடிப்பு விட்ட இடத்தில் 'பொக்' என்ற சத்தம், அந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் சுற்றி வளைத்தார். பிறகு ஜன்னல்களின் இரண்டு கீழ் மூலைகள், கூரை வந்து சுவரில் முட்டும் இடம், மாடி முகப்புத் தளம் சுவரோடு சேரும் இடம் என்று தேர்ந்தெடுத்த இடங்களில் மட்டும் பென்சில் தடிமனில் இரண்டு இரண்டு துளைகள் போட்டு, நீளமான ஊசிகள் உள்ள ஈரமானியை உள்ளே இருக்கும் பலகை வரை இறக்கிப் பார்த்தார். நல்ல சுவரில் 13, 14 சதவீதம். கறை இருந்த மூலையில் 30-ஐத் தாண்டியது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேலேயே நின்றுவிட்டால் கவலைப்பட வேண்டும், 30-ஐ ஒட்டிப் பல நாள் இருந்தால் மரத்தை அழுகவைக்கும் பூஞ்சைக்கு அது விருந்து என்று விளக்கினார். துளைகளை அன்றே சீலண்ட் வைத்து மூடினார், இப்போது தேடினாலும் எனக்கே கண்ணில் படவில்லை.

வெப்பக் கேமராவும் வைத்திருந்தார்கள். அதை வைத்து எங்கே பார்க்கலாம் என்று குறித்துக்கொண்டார்களே தவிர, அதில் தெரிந்ததை வைத்து எந்த முடிவும் எடுக்கவில்லை. கேமரா காட்டுவது சூடு குளிர் வித்தியாசத்தை மட்டும்தான், ஈரத்தை அது நேரடியாகப் பார்ப்பதில்லை. கேமராப் படத்தைக் காட்டி மட்டும் "இங்கே முழுக்கத் தண்ணி" என்று யாராவது சொன்னால் ஊசி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்கு இவர்கள்மேல் நம்பிக்கை வரக் காரணம். தோட்டக் குழாயை எடுத்துச் சுவரின் அடியிலிருந்து தண்ணீர் அடிக்க ஆரம்பித்தார்கள். பத்து நிமிடம் ஒரே உயரத்தில், உள்ளே ஒருவர் டார்ச்சோடு காத்திருக்க, ஒன்றும் தெரியாவிட்டால் ஒரு அடி மேலே. மேலிருந்து அடித்தால் தண்ணீர் வழிந்து எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எந்த ஓட்டை என்று தெரியாது. கீழிருந்து ஏறினால் முதலில் கசியும் உயரமே குற்றவாளி. ஜன்னல் அடிக்கட்டையைத் தாண்டும்வரை ஒன்றுமில்லை. ஜன்னல் பக்கவாட்டை எட்டியதும் உள்ளே ஒரு சொட்டு. அதற்கும் மேலே, கீழ்க்கூரையின் ஓரம் சுவரில் முடியும் இடத்தில் அடித்ததும் உள்ளே இருந்தவர் "போதும் போதும்" என்று கத்திவிட்டார்.

விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் மேலே வேறு வழியாக உள்ளே போய், பலகை ஊறி உப்பி, அதனால் சுவர் அசைந்து வந்த விரிசல் அது. கறை என்பது தண்ணீர் வெளியே வர முயன்ற இடம். அந்த வாயைத்தான் முந்தைய ஆட்கள் அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஸ்டக்கோ எப்படி வேலை செய்கிறது என்று அவர் எனக்குச் சொன்னதையும், நானாகப் பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சிமெண்ட் ஸ்டக்கோ தண்ணீரைத் தடுக்கும் கவசம் என்று பலரும் நினைக்கிறோம். அது பஞ்சு மாதிரி மழையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வெயில் வந்ததும் விட்டுவிடும். உள்ளே போய்விட்ட தண்ணீரைத் தடுப்பது பின்னால் இருக்கும் தாள், வெளியேற்றுவது சுவரடியில் உள்ள வடிபட்டை. ஈரக்காற்று ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. நனைந்த ஸ்டக்கோமேல் வெயில் சுள்ளென்று அடித்தால் அந்த ஈரம் ஆவியாகி வெளியே மட்டும் போகாது, சூட்டிலிருந்து குளிர்ச்சியான பக்கத்துக்கு, அதாவது ஏசி ஓடும் வீட்டுக்குள்ளும் தள்ளப்படும். உள்சுவரில் ஆவி புகாத பிளாஸ்டிக் வால்பேப்பர் ஒட்டியிருந்தால் அதன் முதுகில் போய்த் தண்ணீராகப் படியும். வறண்ட ஊரில் இதே சுவர் இரண்டு நாளில் காய்ந்து தப்பித்துவிடும். நம் மாதிரி ஊரில் காய நேரமே கிடைக்காது, அதற்குள் அடுத்த மழை. அதனால் இங்கே சுவருக்கு வடிவதற்கும் காய்வதற்கும் வழி இருந்தே ஆகவேண்டும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த பிரச்சினையும் கிடையாது. 1990களின் நடுவில் அமெரிக்காவில் வட கரோலினாவின் வில்மிங்டன் பகுதியில், நுரைப்பலகை மேல் மெல்லிய பூச்சு பூசும் செயற்கை ஸ்டக்கோ வீடுகளில், உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் பலகைகள் அழுகியது பெரிய விவகாரமானது. கனடாவின் வான்கூவர் பக்கம் 1980களிலும் 1990களிலும் கட்டிய அடுக்குமாடிகளில் இதே மாதிரி சுவர் அழுகல் அவ்வளவு பரவலாக இருந்ததால் 1998-ல் விசாரணை ஆணையமே அமைத்தார்கள். அமெரிக்காவின் 2021 வீட்டுக் கட்டுமான விதித்தொகுப்பு ஈரமான தட்பவெப்ப மண்டலங்களில் ஸ்டக்கோவுக்குப் பின்னால் குறைந்தது 3/16 அங்குலம், அதாவது 5 மி.மீ. அளவுக்காவது தண்ணீர் வடியும் இடைவெளி வேண்டும், அல்லது அதற்குச் சமமான வடிகால் ஏற்பாடு வேண்டும் என்கிறது. வெறும் 5 மி.மீ. எங்கள் வீட்டில் அது இல்லாததற்குத்தான் இவ்வளவு பாடு.

வேலை தொடங்கிய முதல் நாள் சுவரை அறுத்துத் திறந்தார்கள். பக்கத்தில் நின்று பார்த்தேன், மனசு பதறியது. ஜன்னலுக்குக் கீழே பலகை கையால் பிட்டால் ஈரமான ரொட்டி மாதிரி உதிர்ந்தது. கம்பி வலை சில இடங்களில் துருவாகவே மாறி, தொட்டதும் பொடியானது. தாள் ஒரே ஒரு அடுக்கு. அதிலும் ஜன்னல் பக்கத்தில் தலைகீழாக மடித்திருந்தார்கள், மேல்தாள் கீழ்த்தாளுக்கு உள்ளே. ஓடு வேயும்போது மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல்தானே ஏறி நிற்க வேண்டும்? அதை மாற்றிச் செருகினால் வழியும் தண்ணீர் நேராகப் பலகைக்குத்தான் போகும். கீழ்க்கூரை ஓரத்தில், தண்ணீரைச் சுவரிலிருந்து ஒதுக்கி மழைநீர் வடிகாலுக்குள் தள்ளும் வளைந்த தகடு ஒன்று இருக்க வேண்டும். உள்ளங்கையைச் சாய்த்துப் பிடித்தது போன்ற சின்னத் தகடு. அது வைக்கப்படவே இல்லை. அந்தக் கூரையில் விழுந்த மழையில் பெரும்பங்கு பல வருடமாகச் சுவருக்குள்ளேயே போயிருக்கிறது.

சுவரின் அடியில் முந்தைய ஆட்கள் மூடிய அந்த நீள இடைவெளி, வடிபட்டை. தண்ணீர் வெளியே சொட்டுவதற்கென்றே துளையோடு வைக்கும் பட்டை. அதை மூடியதும் போதாதென்று, நாங்களே பூச்செடிக்காக மண்ணை ஏற்றி அதன்மேல் போட்டிருந்தோம். மண் தரைக்கு மேலே குறைந்தது 4 அங்குலம், சிமெண்ட் நடைபாதை இருந்தால் 2 அங்குலம் மேலே அது நிற்க வேண்டும் என்பது ஏஎஸ்டிஎம் சி1063 என்ற அமெரிக்கக் கம்பிவலைத் தர விதியில் இருக்கும் கணக்கு. மேஸ்திரி அதைச் சொன்ன அன்று மாலையே மண்ணை வெட்டி எடுத்துவிட்டோம். இதைப் படிப்பவர்கள் எழுந்து போய் முதலில் அதைப் பாருங்கள், யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, ஒரு மண்வெட்டி போதும்.

அறுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். கறை இருந்த இடத்தை மட்டும் சதுரமாக வெட்டி ஒட்டுப் போடவில்லை. பலகையும் தாளும் நல்லபடி இருக்கும் இடம் வரும்வரை அகலமாக்கிக்கொண்டே போனார்கள், கடைசியில் கிட்டத்தட்ட ஜன்னலைச் சுற்றி முழுக்கவும், கூரை ஓரம் வரைக்கும். விளிம்பில் ஸ்டக்கோவைப் படிப்படியாக உடைத்து, பழைய தாள் கிழியாமல் இரண்டு மூன்று அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டார்கள், புதுத் தாளை அதோடு ஓடு வேய்வது போல் கோக்க வேண்டும் என்பதற்காக. இதற்கே ஒன்றரை நாள் ஆனது. அவசரப்பட்டு அறுப்பவர்கள் தாளையும் சேர்த்து அறுத்துவிடுவார்கள், பிறகு சுற்றிலும் ஒரு கீறல் நிரந்தரமாக இருக்கும், எவ்வளவு நன்றாகப் பூசினாலும்.

புதுப் பலகை, அதன்மேல் இரண்டு அடுக்குத் தாள். இரண்டு ஏன் என்று கேட்டேன். ஸ்டக்கோ காயும்போது வெளித் தாளைப் பிடித்துக்கொண்டு சுருங்கும், அது ஒரு பலி மாதிரி, உள்தாள் எதனோடும் ஒட்டாமல் இருந்தால்தான் இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் வழியும் என்றார். அந்த இரண்டுக்கும் நடுவில் முரட்டு நார்ப்பாய் போன்ற ஒரு வடிகால் விரிப்பும் வைத்தார்கள். ஜன்னல் தலைக்கு மேலே தகடு, கூரை ஓரத்தில் அந்த வளைந்த தகடு, இரண்டும் தாளுக்கு உள்ளே போகும்படி. அப்புறம்தான் கம்பி வலை. பலகையிலிருந்து கால் அங்குலம் விலகி நிற்கும் குமிழ் வைத்த வலை, கலவை வலையின் பின்பக்கமும் போய்ச் சுற்றிப் பிடிக்க வேண்டும் என்பதற்காக. ஆணி எல்லாம் சட்டத்தில்தான், செங்குத்தாக 7 அங்குலத்துக்கு ஒன்று. வெறும் பலகையில் அடித்தால் பிடிப்பு வராது, போதாக்குறைக்கு ஒவ்வொரு ஆணியும் தாளில் ஒரு ஓட்டை. கடலோரத்தில் இருப்பவர்கள் துத்தநாகம் பூசிய வலையும் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் துருவேறா எஃகு அல்லது நாரிழை வலை கேட்கலாம் என்றும் சொன்னார். அலுமினியத் தகட்டை மட்டும் ஈரக் கலவையோடு நேரடியாக முட்டவிடாதீர்கள், சிமெண்டின் காரம் அதைத் தின்றுவிடும்.

ஜன்னல் சட்டத்தோடு ஸ்டக்கோவை ஒட்டிப் பூசியிருந்ததையும் மாற்றினார்கள். சுற்றிலும் ஒரு சுண்டுவிரல் அகலத்துக்கு, சுமார் 10 மி.மீ., இடைவெளி விட்டு, ஓரப் பட்டை வைத்து நிறுத்தி, தலைப்பக்கம் தவிர மற்ற மூன்று பக்க இடைவெளியில் நுரைக்கயிற்றைத் திணித்து அதன்மேல் சீலண்ட். கயிறு எதற்கென்றால், சீலண்ட் இரண்டு பக்கத்தை மட்டும் பிடிக்க வேண்டும், முதுகிலும் ஒட்டிக்கொண்டால் சுவர் விரியும்போது இழுபட முடியாமல் கிழிந்துவிடும். இவ்வளவு சின்ன விஷயம், பதினைந்து வருடம் யாரும் செய்யவில்லை.

பூச்சுக்கு வருவோம். முதல் பூச்சு கீறல் பூச்சு, பூசிய கையோடு சீப்பால் கிடையாகக் கோடு இழுப்பார்கள், அடுத்த பூச்சு பிடிக்க. இரண்டாவது மட்டப்படுத்தும் பூச்சு. மூன்றாவது மேல்பூச்சு. முதல் இரண்டும் தலா 9.5 மி.மீ. அளவு, மேல்பூச்சு 3 மி.மீ., மொத்தம் சுமார் 22 மி.மீ., வலைமேல் பூசும் ஸ்டக்கோவுக்கு இதுதான் வழக்கமான கனம். கலவை சிமெண்ட் ஒரு பங்கு, சுண்ணாம்பு முக்கால் பங்கு, இரண்டும் சேர்ந்த அளவுக்கு மூன்று பங்கு மணல். வாளியால் அளந்துதான் போட்டார்கள், மண்வெட்டிக் கணக்கு கிடையாது. சுண்ணாம்பு எதற்கு என்று கேட்டால், கரணைக்கு வெண்ணெய் மாதிரி வரும், கொஞ்சம் வளைந்து கொடுக்கும், சின்னக் கீறலைத் தானே ஆற்றிக்கொள்ளும் என்றார். சிமெண்டைக் கூட்டிப் போட்டால் வலு கூடும் என்று நம்புகிறோம், ஆனால் சுவருக்கு அது கண்ணாடி மாதிரிதான், இறுகி இறுகிக் கடைசியில் வெடிக்கும்.

முதல் பூச்சுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இரண்டு நாள், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஏழு நாள். அந்த ஏழு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது, சாரம் கட்டிய வீட்டில் ஜன்னலைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தோம். ஆனால் சுருங்க வேண்டியதெல்லாம் அந்த நாட்களில் சுருங்கிவிட வேண்டும், வர வேண்டிய விரிசல் மேல்பூச்சுக்கு முன்னாலேயே வந்துவிட வேண்டும். காற்றிலேயே ஈரம் இருக்கிறதே, தண்ணீர் விட வேண்டுமா என்று கேட்டேன். வெயிலும் காற்றும் படும் பக்கம் மதியத்துக்குள் காய்ந்துவிடும் என்று தினம் இரண்டு முறை பனி மாதிரி தெளித்தார்கள், குழாயை வைத்து அடிக்கவில்லை. இரண்டாம் நாள் மதியம் வானம் கறுத்ததும் வேலையை அப்படியே நிறுத்தி, சாரத்தின் மேலிருந்து தார்ப்பாயை இறக்கிக் கட்டினார்கள், சுவரில் படாமல் ஒரு முழம் தள்ளி. புதுப்பூச்சில் மழை விழுந்தால் சிமெண்டைக் கழுவிக்கொண்டு போய் மணலை மட்டும் விட்டுவிடும்.

அகலமான அந்தச் சுவரில் முதலில் இல்லாத, பூச்சு விரிந்து சுருங்க இடம் கொடுக்கும் விரிவு மூட்டுப் பட்டைகளை வைத்தார்கள். 144 சதுர அடிக்கு மேல் ஒரே பரப்பாக விடக்கூடாது, எந்தப் பக்கமும் 18 அடிக்கு மேல் போகக்கூடாது, நீளம் அகலத்தைப் போல இரண்டரை மடங்கைத் தாண்டக்கூடாது என்பது அவர்கள் பின்பற்றும் கணக்கு. பட்டை வரும் இடத்தில் வலையையும் வெட்டிவிட்டார்கள், வலை தொடர்ச்சியாக ஓடினால் பட்டை வெறும் அலங்காரம். ஜன்னல் மூலைகளில் விரிசல் சாய்வாகப் போவது ஏன் என்றால் இழுவை எல்லாம் அந்த மூலையில் வந்து குவிகிறது, அங்கே குறுக்காக ஒரு துண்டு வலையைக் கூடுதலாக வைத்தார்கள்.

பெயிண்ட் விஷயத்தில் இவர்கள் உறுதியாக இருந்ததைப் பாராட்டுகிறேன். எனக்குப் பயம், மறுபடியும் நீர்த்தடுப்புப் பெயிண்ட் அடித்துவிடலாமே என்று கெஞ்சவே செய்தேன். மறுத்துவிட்டார். ரப்பர் மாதிரிப் பெயிண்ட் மழையைத் தடுக்கும்தான், ஆனால் பின்னால் எந்த வழியிலோ உள்ளே போன ஈரத்தையும் வெளியே விடாது, அதுதான் உங்கள் கொப்புளம் என்றார். பழைய பெயிண்டை முடிந்தவரை சுரண்டி எடுத்து, 28 நாள் விட்டு, மூச்சுவிடும் சிலிகேட் பெயிண்ட் அடித்தார்கள். புது ஸ்டக்கோவில் காரம் 12, 13 பிஎச் வரை இருக்கும், அவசரப்பட்டுச் சாதாரணப் பெயிண்டை அடித்தால் நிறம் திட்டுத்திட்டாக வெளுத்து உரிந்துவிடும். இடையில் ஒரு பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்தது. பதறிப் போன் செய்தேன். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும் என்றார், அப்படியே செய்தேன், இரண்டு முறைக்குப் பிறகு வரவில்லை.

இனிக் குறைகள். சொன்ன நாளைவிட ஒன்பது நாள் அதிகமானது. அதில் ஆறு நாள் மழை, அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். மூன்று நாள் வேறு வேலைக்குப் போய்விட்டு, வரவில்லை என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. திறந்த சுவரோடு உட்கார்ந்திருப்பவருக்கு அந்த மூன்று நாள் மிக நீளமானது. தார்ப்பாய் ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள்தான், ஆனாலும் ஒரு போன் செய்திருக்க வேண்டும்.

இரண்டாவது, இதுதான் அரை நட்சத்திரத்தைக் குறைத்தது. ஒரு ஜன்னலின் தலைக்கு மேலே, தகட்டுக்கும் ஸ்டக்கோவுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை, குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் சீலண்ட் வைத்து அடைத்துவிட்டான். மற்ற மூன்று பக்கமும் அடைக்க வேண்டும், தலைப்பக்கம் மட்டும் திறந்திருக்க வேண்டும், தாளில் வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தகட்டின் மேல்தான் வெளியேறும். மேஸ்திரி சொல்லித் தந்ததால்தான் எனக்கே அது தெரிந்திருந்தது, நான் பார்த்துச் சொன்னேன். மறுநாள் வந்து மன்னிப்புக் கேட்டு அறுத்து எடுத்தார்கள், கூடுதல் காசு எதுவும் கேட்கவில்லை. ஆனால் நான் பார்க்காமல் விட்டிருந்தால்? முடித்த பிறகு ஒருமுறை மேஸ்திரியே சாரம் ஏறி எல்லா ஜன்னலையும் பார்த்திருக்க வேண்டும், அதை அவரிடமே சொன்னேன், ஒப்புக்கொண்டார்.

மேல்பூச்சின் நிறமும் சொரசொரப்பும் பழைய சுவரோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. சாய்வெயிலில் பார்த்தால் இணைப்பு தெரியும். இதை முன்கூட்டியே சொன்னார்கள், ஒரு பலகையில் நான்கு மாதிரி பூசிக் காட்டி என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள், அதனால் இதற்கு மதிப்பெண் குறைக்கவில்லை. வெயிலும் மழையும் பட்டுப் பழகிய பூச்சோடு புதுப்பூச்சு அப்படியே ஒத்துப்போகும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

யாருக்கு இவர்கள் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். செங்கல் அல்லது கான்கிரீட் கல் சுவர்மேல் நேராகப் பூசிய வீடு என்றால் கதை வேறு, அங்கே அழுகப் பலகை இல்லை, வலை பெரும்பாலும் தேவைப்படாது, சுவரை நனைத்துப் பூசத் தெரிந்த நல்ல கொத்தனார் போதும். மரச்சட்ட வீடாகவே இருந்தாலும், நகம் நுழையாத அளவு முடிக்கீறல் நான்கைந்து இருக்கிறது, கறை இல்லை, தட்டினால் சத்தம் இறுக்கமாக இருக்கிறது என்றால் அதற்காகச் சுவரைத் திறக்க வேண்டாம், மூச்சுவிடும் பெயிண்டைத் தண்ணியாகக் கலந்து ஒரு கை அடித்தால் போதும் என்று அவரே சொன்னார். வடக்குச் சுவரில் பச்சையாகப் பாசி பிடித்திருந்ததற்கும் ஆள் வேண்டாம் என்றார். மென்மையான பிரஷ், நீர்த்த பிளீச், மெதுவான தண்ணீர். பிளீச்சோடு அமிலத்தையோ அம்மோனியா உள்ள எதையுமோ கலக்கக் கூடாது, அழுத்தத்தோடு பீய்ச்சும் இயந்திரத்தைச் சுவருக்குக் கிட்டே கொண்டுவரக் கூடாது, அது பூச்சை அரித்து விரிசலுக்குள் தண்ணீரை ஏற்றிவிடும்.

ஆனால் ஜன்னல் மூலையில் கறை, பொக்கென்ற சத்தம், உள்ளே வாசனை, இந்த மூன்றில் இரண்டு இருந்தால் பெயிண்ட் அடிப்பவரைக் கூப்பிடாதீர்கள். வருகிறவரிடம் நான் கேட்ட முதல் கேள்வியையே நீங்களும் கேளுங்கள்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? விலைப்பட்டியலில் தாள் எத்தனை அடுக்கு, வடிகால் விரிப்பு உண்டா, தகடுகள் எங்கெங்கே, பூச்சுகளுக்கு நடுவில் எத்தனை நாள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். திறந்த பிறகு எதிர்பார்த்ததைவிட அதிகமாக அழுகியிருந்தால் என்ன கணக்கு என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். இவர்கள் அதை முதல் காகிதத்திலேயே எழுதியிருந்தார்கள், அதனால் பலகை இருமடங்கு மாற்ற வேண்டி வந்தபோதும் சண்டை வரவில்லை. தாளும் தகடும் போட்ட அன்று, வலை அடிப்பதற்கு முன்னால், எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாளுக்குப் பிறகு அதைப் பார்க்க வாய்ப்பே கிடையாது.

இந்த ஒன்றரை வருடத்தில் இரண்டு மழைக்காலம் போய்விட்டது. போன மாதம் மேஸ்திரி அவராகவே வந்து அதே மூலையில் ஊசி இறக்கிப் பார்த்தார், 13 சதவீதம். அலமாரி வாசனை போய்விட்டது, உள்சுவரில் இருந்த பிளாஸ்டிக் வால்பேப்பரையும் அவர் சொன்னபடி உரித்துவிட்டோம். பெரிய மழை நின்று அரை மணி நேரம் கழித்துக் கீழே குனிந்து பார்த்தால் வடிபட்டையின் துளைகளிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருகிறது, முதல் தடவை பார்த்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். தெற்குச் சுவரில் இன்னொரு ஜன்னல் 19 காட்டுகிறது, மழை ஓய்ந்ததும் அதையும் இவர்களிடமே கொடுத்திருக்கிறோம், இந்தத் தடவை கடைசி நாளில் மேஸ்திரியே சாரம் ஏறிப் பார்ப்பதாகக் காகிதத்தில் எழுதி வாங்கிவிட்டேன்.